பழைய புல்லட்டுக்குச் சைடு லாக் மாற்றிய கதை

சென்ற பொங்கல் விழாவில் என் மகள் இடது கையில் மாவுக்கட்டோடு பந்தியில் சர்க்கரைப் பொங்கல் பரிமாறியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டவர்களிடம், "வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள்" என்று நானும் என் மனைவியும் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொண்டோம். அப்படிச் சுருக்கியது தவறு என்று பிறகுதான் தெரிந்தது. "பெண் பிள்ளைக்குப் புல்லட் எதற்கு? வேகமாகப் போயிருப்பாள்" என்று பந்தியிலேயே இரண்டு பேர் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் போன வேகம் மனிதன் நடக்கிற வேகம். இடம் எங்கள் சொசைட்டி வாசல். தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, ரயில்வே அனுபவங்களை எழுதுவதைவிட இதை எழுதுவதே நியாயம் என்று தோன்றியது. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அவர்களுக்கு இது நேரடியாகவே உதவும்.

முதலில் வண்டியைப் பற்றி. 1972-ஆம் வருடத்து 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் கைகோர்த்து, நம் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய வண்டி வரிசையில் ஒன்று. 1987-இல் கிர்க்கியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வேலூர்ப் பக்கம் திரும்பிய ஒரு சுபேதாரிடம் வாங்கினேன். "தம்பி, இது மெட்ராஸ் வண்டி, மெட்ராஸ்காரன் கையிலேயே இருக்கட்டும்" என்று இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார். நான் விழுப்புரத்துக்காரன் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. வடக்கே வந்துவிட்டால் நாம் எல்லோரும் மெட்ராஸ்காரர்கள்தானே!

இனி பூட்டுக்கு வருவோம். வண்டியை நிறுத்தி ஹாண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிச் சாவியால் பூட்டுகிறோமே, அதைத்தான் ஊரில் சைடு லாக் என்கிறோம். இங்கே புனேயில் ஹாண்டில் லாக் என்பார்கள். பிரான்சில் இந்தப் பூட்டுக்கு நேமன் என்றே பெயர்; பூட்டு செய்த கம்பெனியின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது, நாம் வனஸ்பதியை டால்டா என்பது போல. இன்றைய வண்டிகளில் இக்னிஷன் சாவியிலேயே இது சேர்ந்து வருகிறது. பழைய வண்டிகளில் தனிப் பூட்டு, தனிச் சாவி. ஹெட்லைட்டுக்குக் கீழே, வண்டியின் கழுத்துப் பகுதியில் ஐந்து பைசா அகலத்துக்கு ஒரு வட்டம் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் போகாமலிருக்க அதன் மேல் ஒரு தகட்டு மூடியும் இருக்கும். மூடி பெரும்பாலும் உடைந்திருக்கும்.

வேலை செய்யும் விதம் எளிது. கழுத்து என்பது சட்டத்தோடு சேர்ந்த அசையாத குழாய். அதனுள்ளே ஹாண்டிலோடும் முன் போர்க்கோடும் சேர்ந்து திரும்புகிற தண்டு இருக்கிறது. அசையாத பாகத்தில் பூட்டு; அசைகிற பாகத்தில் ஒரு குழி. ஹாண்டில் ஓரத்துக்கு வந்ததும் பூட்டின் நாக்கு அந்தக் குழியில் நுழைந்துகொள்கிறது. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும்: பூட்டு போர்க்கின் கீழ்ப்பாலத்தில், குழி கழுத்தில். தத்துவம் ஒன்றே.

குழியை ஏன் ஓரத்தில் வைத்தார்கள், நடுவில் வைத்தால் வண்டி நேராக நிற்குமே என்று என் மகள் சிறு வயதில் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. ஓரத்தில் பூட்டினால் திருடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் அது வட்டமடிக்கும், நேராகப் போகாது. இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வண்டி வேகமாக ஓடும்போது ஹாண்டில் நடுவில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் சில டிகிரிக்கு மேல் திரும்பாது. ஆகவே நாக்கு தப்பித்தவறி வெளியே வந்தாலும் எதிரே குழி இருக்காது. ஓரம் வரைக்கும் ஹாண்டில் திரும்புவது வாசலில், சந்தில், வண்டியைச் சுற்றித் திருப்பும்போது மட்டுமே. அதாவது ஆபத்து இருந்தாலும் அது நடை வேகத்தில்தான் வரும். நூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி நடை வேகத்தில் சாய்ந்தாலும் மணிக்கட்டு தாங்காது என்பதை நாங்கள் டிசம்பரில் தெரிந்துகொண்டோம்.

என் உத்தியோகம் சிக்னல் பிரிவு. டிப்ளமோ முடித்து 1981-இல் சேர்ந்து 2019-இல் ஓய்வு பெறும் வரை எனக்குச் சோறு போட்டதே இந்த நாக்கும் குழியும்தான் என்று சொல்லலாம். ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடத்தில் இருக்கும் பாயிண்டுக்கு, வண்டி ஓடும்போது அது அசையாமலிருக்கப் பூட்டு உண்டு. இரண்டு நாக்குத் தண்டவாளங்களையும் இணைக்கும் பட்டையில் வெட்டிய பள்ளத்துக்குள் ஒரு இரும்புக் கட்டை நுழையும். சிறு ஸ்டேஷன்களில் அதைக் கையால் தள்ளிச் சாவி போட்டுப் பூட்டும் ஹாண்ட் பிளஞ்சர் லாக் என்ற சாதனம் இருந்தது. புல்லட்டின் சைடு லாக் அதன் பேரப்பிள்ளை போல.

அந்தப் பூட்டில் ஒரு விதி உண்டு. கட்டை முழுக்க உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் சாவி வெளியே வரும். அரைகுறையாக நின்றால் சாவியைப் பிடுங்கினாலும் வராது. அந்தச் சாவி கையில் வந்தால்தான் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த சிக்னலைத் தர முடியும். ஆக, சாவி கையில் இருப்பதே பூட்டு சரியாக இருப்பதற்கு அத்தாட்சி. சாவி பாதியில் கழன்று வருகிற பூட்டு ஒன்றைப் பார்த்தால் அந்த இடத்திலேயே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். முப்பத்தெட்டு வருடம் அப்படி இருந்தவன், சொந்த வீட்டு வண்டியில் கோட்டை விட்டேன்.

நடந்தது இதுதான். சுபேதார் காலத்துப் பூட்டின் சாவி தேய்ந்து போய் மூன்று நாலு தரம் ஆட்டினால்தான் திரும்பும். இரண்டு வருடத்துக்கு முன் கடைத்தெருவில் ஒரு புதுப் பூட்டு வாங்கினேன். எந்தக் கடை, எந்தத் தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை. பார்க்காமல் வாங்கியவன் நான். பழைய பூட்டில் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். புதியதில் அது வேண்டாம். சாவியைத் திருப்பினால் போதும். நாக்கை உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். ஹாண்டிலை ஓரத்துக்குக் கொண்டுபோனதும் "டக்" என்று தானே விழுந்துகொள்ளும். என்ன வசதி என்று நானும் மகிழ்ந்துபோனேன்.

அந்த வசதிதான் வினை. அன்று காலை மகள் பூட்டைத் திறந்தாள். அவள் கணக்கில் திறந்துவிட்டாள். சாவி முழுச் சுற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கழன்று கையோடு வந்துவிட்டது. நாக்கை முழுதாகப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டிய பாகம் இன்னும் அதைப் பிடிக்கவில்லை. ஸ்பிரிங் தள்ள, நாக்கின் நுனி தண்டின் மேல் உரசியபடியே நின்றது. ஹாண்டில் தாராளமாகத் திரும்பியதால் அவளுக்குத் தெரிய வழியில்லை. வண்டியை எடுத்து வாசல் வரை வந்து, இடது பக்கம் முழுக்கத் திருப்பியபோது குழி எதிரே வந்தது. "டக்." ஹாண்டில் திரும்பி வரவில்லை. வண்டி இடது பக்கம் சாய, அவள் கையை ஊன்றினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் கேட்டது: "அப்பா, உங்க ரயில்ல இந்த மாதிரிப் பூட்டை விடுவீங்களா?" வலியில் கேட்டாளா, கோபத்தில் கேட்டாளா தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

பழைய சிக்னல்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கைகாட்டி மரத்தின் கை படுத்திருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. அதை இழுக்கிற கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? எதிர் எடை இழுத்து, கை தானாகப் படுத்துவிடும், வண்டி நிற்கும். எது கெட்டாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். ரயிலுக்குப் பாதுகாப்பான பக்கம் நிற்பது. சைடு லாக்குக்குப் பாதுகாப்பான பக்கம் எது? பூட்டாமல் இருப்பது! ஸ்பிரிங் உடைந்தாலும், சாவி தேய்ந்தாலும், தூசி அடைத்தாலும் நாக்கு குழியை விட்டு விலகித்தான் நிற்க வேண்டும். வண்டி திருடு போனால் போகட்டும். ஆகவே ஸ்பிரிங் நாக்கை வெளியே இழுக்கிற பூட்டுதான் சரியான பூட்டு; கட்டைவிரலால் அழுத்தினால் ஒழிய அது உள்ளே போகக் கூடாது. பழைய காலத்து அழுத்துகிற பூட்டு வசதிக் குறைவு என்று நான் நினைத்தது அறிவுக் குறைவு.

சரி, மாற்றுவது எப்படி? மெக்கானிக்கிடம் விட்டால் அரை மணி வேலை. ஆனால் பழைய வண்டிக்காரர்கள் பொதுவாகத் தாங்களே செய்ய ஆசைப்படுவார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூட்டைக் குறை சொல்வதற்கு முன் கோன் செட்டைப் பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். போர்க்கின் கீழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் "கடக்" என்று ஆடுகிறதா? ஆடினால் கழுத்துக்குள் பால்ரஸ்கள் தளர்ந்திருக்கின்றன. தண்டு கீழே இறங்கி, குழி நாக்குக்கு நேராக வராது. அந்த நிலையில் புதுப் பூட்டு போட்டாலும் சாவி திருகிக்கொண்டுதான் திரும்பும். முதலில் கோன் செட்டைச் சரிசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைப் பார்க்காமல் இரண்டு பூட்டு மாற்றினார்.

அடுத்தது சாவி. வண்டிப் பூட்டுக்குள் இருப்பவை சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றையும் ஒரு மயிரிழை ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவி உள்ளே போனதும் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு வந்துவிட, உருளை சுழலும். சாவியின் பற்கள் தேய்ந்தால் தகடுகள் அரை மில்லிமீட்டர் தவறி நிற்கும். தேய்ந்த சாவியைக் கொடுத்து அதைப் பார்த்தே இன்னொரு சாவி வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். சாவியிலோ பூட்டின் முகத்திலோ எண் பொறித்திருந்தால் அதைக் கொண்டு வெட்டுவதே முறை. பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயும் புனே தூசியும் சேர்ந்தால் பசை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின், பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவி நாலு தரம் போட்டு எடுங்கள். பாதிப் பூட்டுகள் இதிலேயே பிழைத்துவிடும்.

பிழைக்காத பூட்டைக் கழற்றத்தான் வேண்டும். டாங்க் மேல் ஒரு பழைய போர்வை. பாட்டரி ஒயரைக் கழற்றி விடுங்கள். பூட்டு எதைப் பிடித்து நிற்கிறது என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பொதுவாக இரண்டு விதம். ஒன்று, மூடித் தகட்டைச் சின்ன ஆணியால் அறைந்து, தகடே பூட்டை வெளியே வராமல் தடுப்பது. நம் பஜாஜ் ஸ்கூட்டர்களில் பார்த்திருப்பீர்கள். ஆணித் தலையை மெல்லிய டிரில்லால் எடுத்துவிட்டால் தகடு வந்துவிடும். இன்னொன்று, பக்கவாட்டில் தலையில்லாத ஒரு சின்னத் திருகு. அதன் மேல் ஈயமோ பெயிண்டோ அடைத்துத் திருகே தெரியாமல் மறைத்திருப்பார்கள். திருடனுக்காகச் செய்தது, நம்மையும் அலைக்கழிக்கும். என் வண்டியில் இந்த இரண்டாவது வகை. சாக்குத் தைக்கும் ஊசியால் ஈயத்தைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாவி இருந்தால் திருகைக் கழற்றி, பூட்டைத் திறந்த நிலையில் வைத்து, சாவியையே பிடியாக மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அடம்பிடித்தால் சுற்றிலும் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். இடுக்கியால் பிடித்து முறுக்க வேண்டாம். சாவி உடைந்தால் வேலை மூன்று மடங்கு.

சாவியே இல்லை என்றால் டிரில்தான் வழி. உருளையின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, முதலில் 2 மி.மீ., பிறகு 4, பிறகு 6 என்று போங்கள். பூட்டின் உடம்பு துத்தநாக வார்ப்பு, உருளை பித்தளை. இரண்டும் வெண்ணெய் மாதிரி வெட்டும். வெட்டும் சத்தம் மாறி, தூளின் நிறம் வெளுப்பும் மஞ்சளும் போய்ச் சாம்பலாக வந்தால் உடனே நிறுத்துங்கள். நீங்கள் கழுத்தையே துளைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டிரில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று முன்னாலேயே அதன் மேல் ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தூள் கோன் செட்டுக்குள் போகக் கூடாது. காந்தம் வைத்து எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பித்தளையும் துத்தநாகமும் காந்தத்துக்கு ஒட்டாது. கிரீஸ் தடவிய துணியைக் கீழேயும் மேலேயும் அடைத்துவிட்டு, முடிந்ததும் துணியோடு எடுத்துவிடுங்கள். இரண்டாவது, பெரும்பாலான வண்டிகளில் சேஸி நம்பர் கழுத்துப் பகுதியில்தான் பொறித்திருக்கும். அதன் பக்கம் அரத்தையோ கிரைண்டரையோ கொண்டு போகாதீர்கள். ஒரு எழுத்து மழுங்கினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்கள் திருட்டு வண்டிக்காரர் ஆகிவிடுவீர்கள். 15 வருடம் கடந்த வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க நாம் அங்கே போய் நின்றே ஆக வேண்டும். ஐம்பது வருடம் கடந்தவற்றை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்துகொள்ள 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. சேஸி, பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. சைடு லாக் மாற்றுவது அந்தக் கணக்கில் வராது. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஓடாத வண்டிக்குப் பூட்டு எதற்கு?

கழற்றிய பிறகு வெர்னியரால் மூன்று அளவு எடுங்கள்: ஓட்டையின் விட்டம், பூட்டின் முகத்திலிருந்து தண்டு வரை உள்ள ஆழம், தண்டிலுள்ள குழியின் விட்டம். இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு, பழைய பூட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். "புல்லட் லாக்" என்று வாயால் கேட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள். போன தடவை நான் அப்படித்தான் கேட்டேன்.

இந்தத் தடவை நானா பேட்டில் நாலு கடை, ஜூனா பஜாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மராத்தியில் சாவியைக் கில்லி என்பார்கள், வந்த புதிதில் ஒருவர் "கில்லி எங்கே?" என்று கேட்டபோது தாண்டல் எங்கே என்று நான் தேடியிருக்கிறேன். கடைக்காரப் பையன் என்னைக் "காகா, காகா" என்று மரியாதையாக அழைக்க, கூட வந்த மகள் கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அம்மாவும் இதே சொல்லுக்குச் சிரித்தவள்தான். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வண்டி விஷயத்தில் சிரித்தாள். அதற்காகவே இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

ஏழு பூட்டுகளைக் கவுண்டர் மேல் வைத்து, ஒவ்வொன்றையும் அவள்தான் சோதித்தாள். சோதனை இதுதான். சாவியைப் போட்டு, பூட்டிய நிலையிலிருந்து திறந்த நிலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே, ஒவ்வொரு இடத்திலும் சாவியை வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களைத் தவிர நடுவில் எங்கேயாவது சாவி வந்துவிட்டால் அந்தப் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழில் மூன்று இதில் தோற்றன; மூன்றும் புத்தம் புதியவை! பிறகு திறந்த நிலையில் நாக்கை விரலால் உள்ளும் வெளியும் தள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே போய் நின்றுவிட்டால் வேண்டாம். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதில் இன்னும் இரண்டு தோற்றன. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று என் ஓட்டைக்குப் பெரிது. கடைசியில் ஒன்றே ஒன்று. "காகா, பூட்டு வாங்குகிறீர்களா, மாப்பிள்ளை பார்க்கிறீர்களா?" என்று மராத்தியில் கேட்டான் பையன்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது திருகு. பழைய புல்லட்டுகளில் ஆங்கிலேய மரைகள்தான் அதிகம். என் வண்டியில் இருந்தது 2 பி.ஏ. என்னும் மரை, விட்டம் 4.7 மி.மீ. சிக்னல் டெர்மினல்களில் இதோடு பழகியதால் பார்த்ததும் தெரிந்தது. 5 மி.மீ. மெட்ரிக் திருகின் மரை இடைவெளியும் இதன் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் மெட்ரிக் தடிமன். ஸ்பேனர் பலத்தில் அதை ஏற்றினால் கழுத்தின் மரை போய்விடும். பழைய திருகையே பத்திரமாக வைத்திருந்து போடுங்கள்.

அந்தத் திருகை ரொம்பவும் இறுக்கக் கூடாது. பூட்டின் உடம்பு மெத்தென்ற உலோகம். திருகின் நுனி அதை அழுத்தினால் உள்ளே உருளை கோணிக்கொண்டு சாவி பிடிக்கும். தொட்டு நின்றதும் கால் சுற்று, அவ்வளவுதான். இறுக்கும்போது சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கையே சொல்லும். கடைசியில் திருகின் மேல் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு ஒன்றை வைத்துச் சின்ன பஞ்சால் தட்டி அடைத்துவிட்டேன். திருகு அதிர்ச்சியில் கழன்றும் வராது, அடுத்தவன் கண்ணுக்கும் தெரியாது.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். எங்கள் இலாகாவில் பூட்டு பொருத்துவது பாதி வேலை. சோதித்துக் கையெழுத்துப் போடுவது மீதி. பாயிண்டில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் துண்டை வைத்துவிட்டுப் பூட்டிப் பார்ப்போம், பூட்டக் கூடாது. பூட்டிக்கொண்டால் அது பொய் சொல்கிற பூட்டு. சைடு லாக்குக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கொஞ்சம் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நாக்கின் நுனியில் தடவிவிட்டுப் பூட்டைத் திறந்து சாவியை எடுத்துவிடுங்கள். முன் சக்கரம் தரையில் படாமல் இருக்கட்டும். ஹாண்டிலை ஓரத்திலிருந்து ஓரம்வரை இருபது தடவை திருப்புங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு விநாடி நிறுத்தி, பூட்டின் முகத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தட்டுங்கள். பிறகு டார்ச் அடித்துத் தண்டைப் பாருங்கள். குங்குமச் சிவப்பு தண்டில் எங்கேயாவது ஒட்டியிருந்தால் நாக்கு இன்னும் எட்டிப் பார்க்கிறது என்று பொருள். என் மனைவி பூஜை அறைக் குங்குமத்தைத் தர மறுத்துவிட்டு, கடையில் புதுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள்.

முதல் தடவை சிவப்பு ஒட்டியிருந்தது. நாக்கு அரை மில்லிமீட்டர் நீளம். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய அரத்தால் ஒரு மில்லிமீட்டர் எடுத்து, ஓரத்தை உருட்டி, மறுபடி பொருத்தினேன். இரண்டாம் தடவை தண்டு சுத்தம். கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் இல்லாததால் காலண்டரில் தேதி எழுதி வைத்தேன்.

திருட்டு முயற்சி நடந்த வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலசாலி ஒருவன் ஹாண்டிலை வெட்டி இழுத்தால் துத்தநாகப் பூட்டு உடைந்துவிடும்; இரண்டு பேர் சேர்ந்தால் வண்டியையே தூக்கி டெம்போவில் போட்டுவிடுவார்கள். ஆகவே இந்தப் பூட்டைப் பெரிய காவலாக நம்ப வேண்டாம். சக்கரத்துக்கு ஒரு சங்கிலியும் போடுங்கள். ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு வந்து பார்க்கும்போது ஹாண்டில் பூட்டு விட்டுப்போயிருந்தால், "நல்ல வேளை, வண்டி இருக்கிறது" என்று அப்படியே ஏறி ஓட்டிவிடாதீர்கள். உடைந்த நாக்கின் துண்டு உள்ளேயே கிடந்தால் எந்தத் திருப்பத்தில் சிக்கும் என்று சொல்ல முடியாது. ஹாண்டிலை இரண்டு பக்கமும் நாலு தடவை முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். சரியான பூட்டு உள்ள வண்டிக்கும் இந்தப் பழக்கம் நல்லதே. ஐந்து விநாடிதான் ஆகும்.

கட்டுப் பிரித்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வண்டியை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல உரிமையும் இல்லை. ஹாண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிக் காட்டினாள். "சாவி கையில இருக்கு, பாருங்கப்பா" என்று தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் அதே இடத்தில் இடது பக்கம் முழுக்கத் திருப்பிச் சாலைக்குப் போய், ஆளந்தி வரைக்கும் போய் வந்தாள். அவள் திரும்பும்வரை அவள் அம்மா காபி போடவில்லை.

கழற்றிய அந்தப் பூட்டைத் தூக்கி எறியாமல் என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சாவி எந்த இடத்தில் கழன்று வருகிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் சட்டென்று புரியும். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு அதையும் வெர்னியரையும் கொண்டு வருகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அன்று வண்டியிலேயே வாருங்கள். குங்குமம் நான் கொண்டு வருகிறேன்.